திராட்சைப் பந்தல், இட்டேரி, வாய்க்கால் கரை: கொங்கு நாட்டில் ஓடப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று ஊர்களிலும் காலையில் ஓடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் பெரும்பாலானோர் ரேஸ்கோர்ஸ், கல்லூரி மைதானம், புறவழிச்சாலை ஓரம் என்று அதே வட்டத்தையே சுற்றுகிறார்கள். அரைமணி நேரம் வண்டியில் போனால் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிற நிலம் இருக்கிறது. திராட்சைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஊர்மேடு இருக்கிறது. அங்கே எப்படிப் போய் ஓடுவது, எப்போது போவது, எதில் கவனமாக இருப்பது என்பதை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. கொங்கு நாட்டில் ஓடுவதற்கு நல்ல தடம் தார்ச்சாலையில் கிடைக்காது. தண்ணீர் போகிற வழியிலும் வேலி போகிற வழியிலும்தான் கிடைக்கும். தண்ணீர் வழி என்றால் வாய்க்கால் கரை, ஆற்றோரம், குளத்து மேடு. வேலி வழி என்றால் இட்டேரி: இரண்டு பக்கத்துத் தோட்டங்களின் உயிர்வேலிக்கு நடுவே மாட்டுவண்டி போவதற்காக விட்ட மண்தடம். இந்த இரண்டையும் பிடிக்கத் தெரிந்துவிட்டால் நான் கீழே சொல்கிற தடங்கள் தவிர உங்கள் ஊரிலேயே பத்துத் தடம் கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: மாதத்தைப் பார்த்துத் தடத்தை முடிவு செய்யுங்கள்

"டிசம்பர், ஜனவரிதான் ஓட நல்ல காலம்" என்று எல்லோரும் சொல்வார்கள். குளிரை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் திராட்சைக்கொடிக்குக் கவாத்து செய்வதும், அதாவது பழைய கிளைகளை வெட்டிவிடுவதும், அந்த மாதங்களில்தான். இலையெல்லாம் போய், பந்தலில் வெறும் கொடியும் கம்பியும் மட்டும் நிற்கும். அப்போது கவாத்து செய்த கொடி ஏப்ரல், மே மாதங்களில் காய்த்துப் பழுக்கும். அந்த வெயிலில் நீண்ட தூரம் ஓட முடியாது. மே, ஜூனில் மறுபடி கவாத்து செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. ஆகவே திராட்சைக்காகத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஆகஸ்டுதான் என் பரிந்துரை. மேகம் மூடியிருக்கும், வெயில் ஏறாது, குலைகள் கறுத்துத் தொங்கும்.

ஆனால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்பது இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும். அந்த மாதங்களில் ஒரே ஒரு விதி: கால் புதிதாக இருக்கும்போது மேற்கே பார்த்து, காற்றை எதிர்த்து ஓடுங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். மாற்றிச் செய்தால் போகும்போது வேகமாகப் போய்விட்டு, வரும்போது வியர்வை காய்ந்து உடம்பு சில்லிட்டுத் தவிக்க நேரும்.

காங்கேயம், சென்னிமலைப் பக்கம் இதற்கு நேர்மாறு. அது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் மேய்ச்சல் நிலம் பச்சை கட்டும். ஆகவே மார்கழி, தை அங்கே. கீழ்பவானி வாய்க்கால் கரைக்கு, ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறந்த பிறகு போனால் கூடவே ஆறு ஓடி வருவது மாதிரி இருக்கும். மார்ச் முதல் மே வரை எங்கே போனாலும் காலை ஏழரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்த மறுநாள் மண்ணின் நிறத்தைப் பாருங்கள். செம்மண்ணும் சுக்காங்கல்லும் கலந்த தடம் சீக்கிரம் காய்ந்துவிடும். பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பக்கத்துக் கரிசல் மண் அப்படியில்லை. பத்தடி போவதற்குள் காலணி ஒவ்வொன்றிலும் அரைக்கிலோ மண் அப்பிக்கொள்ளும். அன்றைக்குத் தார்ச்சாலையே மேல்.

படி 2: வரைபடத்தில் தேடி, வண்டியில் போய்ப் பார்த்து உறுதிசெய்யுங்கள்

கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு கோயிலையோ குளத்தையோ நடுவில் வைத்துப் பாருங்கள். இரண்டு பச்சைக் கோடுகள் சேர்ந்தாற்போலப் போய், நடுவில் மெல்லிய மண்நிறம் தெரிந்தால் அது இட்டேரி. வளைந்து வளைந்து, ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் மேட்டுக்காடுமாகப் போவது வாய்க்கால்.

படத்தில் இருப்பதெல்லாம் தரையில் இருக்காது. பல இட்டேரிகளைச் சீமைக்கருவேல் மூடிவிட்டது. சிலவற்றைப் பக்கத்துக் காட்டோடு சேர்த்து உழுதுவிட்டார்கள். சில ஒரு தோட்டத்துக் களத்தில் போய் முடிந்துவிடும். அதனால் முதல் தடவை இருசக்கர வண்டியில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். எதிரே வருகிற பெரியவரிடம் வண்டியை நிறுத்திக் கேளுங்கள்.

"ஏனுங்கய்யா, இந்தத் தடத்துல போனா வாய்க்காலுக்குப் போயிரலாமுங்களா?"

"போலாங் கண்ணு. பள்ளத்துல மட்டும் தண்ணி கெடக்குது, பாத்துப் போ."

வரைபடம் சொல்லாத செய்தி அந்தப் பதிலில் இருக்கிறது. ஓடிக்கொண்டே கேட்காதீர்கள்; நின்று கேளுங்கள். அடுத்த வாரம் அதே வழியில் ஓடும்போது அவரே, "என்ன கண்ணு, இன்னைக்கு நேரமாயிப்போச்சா?" என்பார்.

படி 3: தடங்கள்

*பேரூர் – தொண்டாமுத்தூர் – மாதம்பட்டி வட்டம்*

திராட்சையும் பழமையும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கிற தடம் இது. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் தொடங்கி, நொய்யலைக் கடந்து வேடபட்டி வழியாகத் தொண்டாமுத்தூர், அங்கிருந்து தெற்கே திரும்பி மறுபடி நொய்யலைக் கடந்து மாதம்பட்டி, பிறகு சிறுவாணிச் சாலை வழியாகப் பேரூர். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அரை மராத்தானுக்குப் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சரியான அளவு. அவ்வளவு வேண்டாம் என்றால் தொண்டாமுத்தூரில் வண்டியை நிறுத்திவிட்டு, நரசீபுரம் போகிற வழியில் தேவராயபுரம் வரை போய்த் திரும்புங்கள்.

தொண்டாமுத்தூரைத் தாண்டியதும் சாலையோரத்தில் பந்தல்கள் தொடங்கும். கல்தூண் நட்டு, அதன் மேல் கம்பியைக் கட்டம் கட்டமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். கணுக்கணுவாக முறுக்கேறிய கொடி தூணோரமாக ஆள் உயரம் ஏறி, மேலே கூரையாகப் படர்ந்துவிடும். பழக்காலத்தில் அந்தக் கூரையிலிருந்து பன்னீர்த் திராட்சைக் குலைகள் தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கும். கருநீலத் தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம், விரல் பட்டால் அழிந்துவிடும். இலையில் நீலமும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகக் காய்ந்திருப்பது வேறு: அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, அடிச்சாம்பல் நோய்க்காகத் தெளிப்பது. ஆகவே அழகாக இருக்கிறதே என்று பறித்து வாயில் போடாதீர்கள். அடுத்தவர் விளைச்சல் என்பது ஒன்று, மருந்து இன்னொன்று. மருந்து அடிக்கிற சத்தமோ வாடையோ வந்தால் அந்தத் தோட்டத்தை விட்டு விலகி, காற்று வருகிற பக்கமாகப் போங்கள். பழம் வேண்டுமென்றால் சாலையோரத்தில் விற்பார்கள். வாங்கி, வீட்டில் உப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள். பந்தல்கள் குறைந்து பாக்கும் வாழையும் தென்னையும் பெருகி வருகிற வட்டாரம் இது. இருக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தத் தடத்தில் கண்டிப்பான விதி யானை. மலையடிவார ஊர்களில் யானை இரவில் தோட்டத்துக்குள் இறங்கி, விடிவதற்கு முன்னும் பின்னுமாகக் காடு திரும்பும். தேவராயபுரம், விராலியூர், நரசீபுரம், ஆலாந்துறைக்கு மேற்கே எல்லாம் நன்றாக வெளுத்த பிறகுதான் கால் வைக்க வேண்டும். பேரூரில் ஐந்தரைக்குத் தொடங்கினால் தொண்டாமுத்தூர் சேரும்போது வெளிச்சம் வந்திருக்கும். அதனால்தான் அங்கே தொடங்கச் சொல்கிறேன். காதில் பாட்டுக் கருவி வேண்டாம். சாலையில் யானையின் புதுச் சாணமோ, முறிந்து கிடக்கிற வாழையோ கண்ணில் பட்டால் அப்படியே திரும்பிவிடுங்கள். தோட்டக்காவலர் "இன்னைக்குப் போகாதீங்க" என்றால் மறுபேச்சு வேண்டாம். வெள்ளியங்கிரி யாத்திரைக் காலத்தில், குறிப்பாக மகா சிவராத்திரியை ஒட்டி, சிறுவாணிச் சாலையில் வண்டிகள் நெரியும். அப்போது இந்த வட்டத்தையே விட்டுவிடுங்கள்.

திரும்பி வந்ததும் பேரூர்க் கோயிலுக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். வியர்வைச் சட்டையோடும் அரைக்கால் சட்டையோடும் நுழையாமல், ஒரு வேட்டியோ நீளக் கால்சட்டையோ பையில் வைத்திருங்கள். 17ஆம் நூற்றாண்டில் அழகாத்திரி நாயக்கர் எடுப்பித்த கனகசபையில், தூண் தூணாக நிற்கிற ஊர்த்துவ தாண்டவரையும் யானையுரி போர்த்தவரையும் வீரபத்திரரையும் கிட்டப் போய்ப் பாருங்கள். பிறகு தலையை நிமிர்த்தி விதானத்தில் தொங்குகிற கற்சங்கிலியைப் பாருங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பேரூருக்குத் தெற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்து மலையில், சோழர் காலத்து இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன வணிகப் பாதை அது. வனப்பகுதி என்பதால் தனியாக ஓடிப் போகிற இடம் அல்ல. ஊர்க்காரர் துணையோடும் முறையான அனுமதியோடும் தனியாக ஒரு நாள் போங்கள்.

*காங்கேயம் – சிவன்மலை: கொறங்காட்டு மேடுகள்*

உண்மையில் "மேடும் பள்ளமும்" என்பதற்கு இலக்கணம் காங்கேயம்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கொறங்காடு: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை விரித்த வெள்வேல மரம், அதன் நிழலில் காங்கேயம் மாடு. கிளுவைக் குச்சியை வெட்டி நட்டால் போதும், வேர் பிடித்து வேலியாகிவிடும். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து முள்ளும் குச்சியுமாக நிற்கும். ஒரு மழை விழுந்ததும் வேலி முழுக்கத் தளிர்விடும். அந்த வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் காலை ஆறரைக்கு ஓடுவதற்கு ஈடாக இந்த நாட்டில் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. மயில் கூட்டம் குறுக்கே ஓடும். பறக்குமா ஓடுமா என்று அதற்கே தெரியாது, கொஞ்சம் நின்று வழிவிடுங்கள்.

தடம்: காங்கேயத்திலிருந்து திருப்பூர்ச் சாலையில் சில கிலோமீட்டர் தள்ளிச் சிவன்மலை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, முதலில் மலையைச் சுற்றியுள்ள கிரிவலப் பாதையில் உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு சுற்றுவட்டாரக் கிராமச் சாலைகளிலும் இட்டேரிகளிலும் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் போய்வரலாம். கடைசியில் தெம்பு இருந்தால் படியேறுங்கள். ஓட வேண்டாம், நடந்து ஏறினாலே போதும். மேலே சுப்பிரமணியசாமி கோயிலில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டியைப் பார்க்கலாம். பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, சாமியிடம் பூக்கேட்டு உறுதிசெய்த பிறகு, அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

அதே சாலையில் அடுத்து வருகிற படியூர், பெரில் என்கிற நீலப்பச்சை மணிக்கல் கிடைத்த இடம். 1819, 1820ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் தோண்டிக் கல் எடுத்தார்கள். ஆனால் அந்தக் கல்லின் கதை அதற்கும் மிக முந்தையது. அது அடுத்த தடத்தில்.

*சென்னிமலை – கொடுமணல்*

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் "கொடுமணம்" என்று அணிகலனுக்குப் பெயர்போன ஊராகச் சொல்வது இதைத்தான் என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் பல கட்டமாக நடந்த அகழாய்வில் மணிக்கல் அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய தொழிற்கூடங்கள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள், பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் எல்லாம் வெளிப்பட்டன. படியூர்ப் பக்கத்துக் கல் இங்கே வந்து மணியானது. ரோம் வரை போன பொருள் அது.

சென்னிமலையிலிருந்து கொடுமணல் ஒருவழியே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். போகும்போது ஓடி, திரும்பும்போது வண்டியில் வருவதற்கு யாரையாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சென்னிமலையை விட்டுப் புறப்படும்போது வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். பிறகு காடு, பனை, கள்ளிவேலி. கொடுமணலில் கண்காட்சி எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். தோண்டிய குழிகளை மூடிவிடுவார்கள். திறந்த வெளியும் கல்வட்டங்களும்தான் மிஞ்சும். தரையில் சிவப்பும் கறுப்புமாகப் பானை ஓடு கிடந்தால் குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள். எந்த இடத்தில் கிடக்கிறது என்பதும் சான்றுதான். பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை. சாயக்கழிவு தேங்கிய வரலாறு அதற்கு உண்டு. அந்தத் தண்ணீரில் முகம்கூடக் கழுவ வேண்டாம், குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

*அரச்சலூர்: கீழ்பவானிக் கரை*

1955இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து புறப்படுகிற கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளம். பெருந்துறை, சென்னிமலை, அரச்சலூர் வட்டாரங்களில் அதன் கரையோர மண்சாலை ஓடுவதற்கென்றே போட்டாற்போல இருக்கும். ஏற்றமே தெரியாத சமதளம், ஒரு பக்கம் நீர், மறுபக்கம் நெல்லும் மஞ்சளும். தண்ணீர் போகும்போது ஓரத்தில் கால் வைக்காதீர்கள். இழுப்பு வெளியே தெரிவதைவிடப் பலமானது. புல் மண்டிய இடத்தில் விரியன் இருக்கும், ஆகவே சக்கரத் தடத்திலேயே ஓடுங்கள்.

அரச்சலூர் நாகமலைக் குகையில் தமிழி எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு உண்டு. "த தை தா தை த" என்று ஆடலுக்கான சொற்கட்டு, வரிக்கு ஐந்தாக ஐந்து வரி. வெட்டுவித்தவன் பெயர் தேவன் சாத்தன், மணி வண்ணக்கன்: மணிக்கல்லின் தரம் பார்க்கிறவன். கொடுமணலைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் அந்தத் தொழில் சட்டென்று விளங்கும்.

பக்கத்தில் ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டி ஆங்கிலேயக் கும்பினியை எதிர்த்த ஊர். 1805 ஜூலை 31 அன்று அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். கோட்டை இப்போது இல்லை, நினைவு மண்டபம் இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று அரசு விழா நடக்கும். அன்று ஓட இடமிருக்காது, ஆனால் போய் நின்று பார்க்க வேண்டிய நாள்.

ஈரோட்டுக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் காலிங்கராயன் வாய்க்கால் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. ஊருக்குள் போகிற பகுதியை விட்டு, மஞ்சள் வயல்களுக்கு நடுவே போகிற பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: மேட்டிலும் பள்ளத்திலும் கால் வைக்கும் முறை

ஏறும்போது மூச்சைப் பாருங்கள். இறங்கும்போது முட்டியைப் பாருங்கள். மேட்டில் கடிகாரத்து வேகத்தை மறந்துவிட்டு, பக்கத்தில் வருகிறவரோடு இரண்டு வார்த்தை பேச முடிகிற மூச்சில் ஏறுங்கள். இறக்கத்தில் எட்டிப் போடாமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள், சுக்காங்கல் உருளும். சமதளத்தில் 10 கிலோமீட்டர் ஓடுகிறவர் காங்கேயம் இட்டேரியில் முதலில் 7 வைத்துக்கொள்ளட்டும்.

படி 5: கையிலும் வயிற்றிலும்

கருவேல முள் மெத்தென்ற அடிப்பாகத்தைத் துளைத்துப் பாதத்தில் ஏறும். அடி கெட்டியான காலணி போடுங்கள், ஓர் ஊக்கு வைத்திருங்கள். அரை லிட்டர் தண்ணீர், உப்புக் கரைசல் ஒரு பொட்டலம், இரண்டு அச்சு வெல்லம். பத்துக் கிலோமீட்டருக்குள் வேறெதுவும் தேவையில்லை. முடித்ததும் இளநீர், கோடையில் வழியோரத்துக் கம்மங்கூழ். வீடு திரும்பி அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றிச் சாப்பிட்டால் உடம்பு கேட்பது அத்தனையும் அதில் இருக்கிறது.

படி 6: நாயும் வண்டியும்

தோட்டத்து நாய் தன் வேலையைச் செய்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் குரைப்பு கேட்டதுமே ஓட்டத்தை நிறுத்தி நடையாக்குங்கள். கல்லெடுக்காதீர்கள். வீட்டைப் பார்த்து, "ஏனுங்க, நாயைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்று சத்தமாகக் குரல் கொடுங்கள், ஆள் குரல் கேட்டதும் பெரும்பாலும் அதுவே அடங்கும். கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்குங்கள்.

தார்ச்சாலையில் எப்போதும் வலது ஓரம், வண்டிகள் எதிரே தெரிகிற மாதிரி. மில் வேன்கள் காலை ஐந்தரை, ஆறு மணிக்கு ஆள் ஏற்றிப் பறக்கும். டிப்பர் லாரிகள் வெளிச்சம் வந்ததும் தொடங்கிவிடும். பளிச்சென்ற சட்டை போடுங்கள். மலையடிவாரத்தில் கைபேசிச் சமிக்ஞை விட்டு விட்டுத்தான் வரும், அதனால் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதைக் கிளம்பும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இதுவரை ஊருக்கு வெளியே ஓடியதே இல்லை என்றால், அரச்சலூர்ப் பக்கத்துக் கீழ்பவானிக் கரையில் தொடங்குங்கள். வழி தவறாது, ஏற்றம் இல்லை, யானை இல்லை. இரண்டரைக் கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள். அது உடம்புக்குப் பழகிய பிறகு சிவன்மலை; பேரூர் வட்டத்தை அடுத்த ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.